முகத்துவாரத்தைக் கணக்கிட்டுப் புறப்படுங்கள்: புதுச்சேரி – கடலூர் கரையில் பாய்மரப் படகுப் பயணம்

புதுச்சேரியிலிருந்து கொள்ளிடம் வரை நீளும் கரையை வரைபடத்தில் பார்க்கும் புதியவருக்கு, பாய்மரப் படகுக்கு இதைவிட எளிய கடல் இருக்க முடியாது என்றே தோன்றும். வழிமறிக்கும் தீவுக்கூட்டம் எதுவும் வெளிக்கடலில் இல்லை. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் ஒரு மீட்டர்கூட மாறுவதில்லை. கரையும் ஏறத்தாழ நேர்கோடாகவே ஓடுகிறது. ஆனால் நேர்கோடாக ஓடும் கரையில் வளைகுடா கிடையாது. வளைகுடா இல்லாத இடத்தில் காற்று மாறும்போது ஒதுங்கி நிற்கவும் இடம் கிடையாது. இங்கே அலையில்லாத நீர் முழுவதும் ஆற்றுக்குள்ளும் கழிமுகத்துக்குள்ளும்தான் இருக்கிறது. அரியாங்குப்பத்து ஆறு, உப்பனாறு, வெள்ளாறு, பிச்சாவரத்துத் திட்டுகள் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரு முகத்துவாரத்தின் வழியாகத்தான் போக வேண்டும். இந்தக் கரையிலேயே படகுக்கு மிக ஆபத்தான இடம் அந்த முகத்துவாரம்தான்.

ஆகவே இங்கே பயணத்தைத் திட்டமிடும் வரிசை தலைகீழானது. எங்கே போகலாம் என்று முதலில் கேட்பதில் பயனில்லை. எந்த நேரத்தில் எந்த வாயிலின் வழியாகப் பாதுகாப்பாக உள்ளே வர முடியும் என்பதை முதலில் முடிவுசெய்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுப் புறப்படும் நேரத்தை வகுக்க வேண்டும். இக்கட்டுரை அந்த வரிசையையே பின்பற்றுகிறது.

கரையை வடக்கிலிருந்து தெற்காகப் படித்தல்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையின் முன்னால் கிடப்பது முற்றிலும் திறந்த கடல். 1761ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள், நகரை முற்றுகையிட்டு இங்கே நங்கூரமிட்டு நின்ற ஆங்கிலேயக் கடற்படையைப் புயல் தாக்கியபோது, பெரிய போர்க்கப்பல்களே மூழ்கின. சில கரையில் ஏறி உடைந்தன. 20 அடிப் படகில் போகிறவர் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். கற்கள் கொட்டிய கரைச்சுவரில் மோதித் திரும்பும் அலை, வரும் அலையோடு கலந்து ஒழுங்கற்ற கொந்தளிப்பை உண்டாக்குவதால், அந்தச் சாலையை ஒட்டிப் படகு ஓட்டுவதில் சுகமும் இல்லை. நகரின் தெற்கு ஓரத்தில், அரியாங்குப்பத்து ஆறு கடலில் சேரும் இடத்தில், இருபுறமும் கற்சுவர் எழுப்பப்பட்ட முகத்துவாரத்துக்குள் தேங்காய்த்திட்டுத் துறைமுகம் இருக்கிறது. நம் பயணத்தின் முதல் வாயில் இதுவே.

அதற்குத் தெற்கே சுண்ணாம்பாற்றின் வாயில், தாழங்குடாவில் தென்பெண்ணையின் வாயில், தேவனாம்பட்டினத்தில் கெடிலத்தின் வாயில் ஆகியவை உண்டு. மழைக்காலம் போக மற்ற மாதங்களில் இவற்றை மணல் மேடு அடைத்தோ குறுக்கியோ விடுகிறது. வரைபடத்தில் நீல நிறம் தெரிகிறதே என்று நம்பி இவற்றுள் நுழைய முயல வேண்டாம்.

இரண்டாவது வாயில் கடலூர் முதுநகர்த் துறைமுகம். தேங்காய்த்திட்டிலிருந்து கடல்வழியே சுமார் 12 கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். இங்கே உப்பனாற்றுக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் நிலத்தில் சிங்காரத்தோப்பு, சோனங்குப்பம், அக்கரைக்கோரி முதலிய மீனவக் குடியிருப்புகள் உள்ளன. அந்த மணல் நிலமே உள்ளிருக்கும் படகுகளுக்கு இயற்கை அரணாக நிற்கிறது. மேலும் 13 கடல் மைல் தெற்கே, பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் முகத்துவாரம். அதற்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் பிச்சாவரத்துச் சதுப்பும் அதன் ஐம்பதுக்கு மேற்பட்ட சிறு திட்டுகளும் மறைந்திருக்கின்றன. கொள்ளிடத்தின் வாய்க்கு வெளியே ஆறு கொண்டுவந்து கொட்டிய மணல் கடலுக்குள்ளும் நீள்வதால், அப்பகுதியைக் கரையிலிருந்து நன்றாக விலகியே கடக்க வேண்டும்.

இந்தக் கரையில் அலைகள் மணலை ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்காகவே தள்ளுகின்றன. கற்சுவர் கட்டிய இடங்களில் எல்லாம் சுவருக்குத் தெற்கே மணல் சேருவதும், வடக்கே கரை அரிக்கப்படுவதும் இதனால்தான். புதுச்சேரி நகரக் கடற்கரை மணலை இழந்த கதையும் இதுதான். படகோட்டிக்கு இதில் ஒரு நேரடிப் பாடம் உண்டு. தெற்குச் சுவரின் நுனியைச் சுற்றி வரும் மணல் வாயிலின் குறுக்கே திட்டாகப் படியும். அது எங்கே, எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பது ஒவ்வொரு பருவத்துக்கும் மாறும். சென்ற ஆண்டு வந்த தடம் ஜி.பி.எஸ். கருவியில் பதிவாகியிருந்தாலும், இந்த ஆண்டு அது செல்லுபடியாகும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பருவம்

புதியவர் பழகுவதற்கு உகந்த காலம் தை பாதி கழிந்ததிலிருந்து பங்குனி வரை. வாடையின் வேகம் தணிந்துவிட்டிருக்கும். விடியற்காலையில் மேற்கிலிருந்து மெல்லிய கரைக்காற்று வீசும். நண்பகலை ஒட்டித் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழும். இந்த இரண்டு காற்றுகளின் மாற்றத்தை நம்பி ஒரு நாளை வகுத்துக்கொள்ளலாம். சித்திரை, வைகாசியில் கடற்காற்று பிற்பகலில் பலமாகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால், வெளிக்கடல் காலியாகவும் துறைமுகத்தின் உட்புறம் கட்டிப்போட்ட விசைப்படகுகளால் நெருக்கமாகவும் இருக்கும். அந்த மாதங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தொலைதூரத் தென்கடலில் எழுந்த அலைகள் பல நாள் பயணத்துக்குப் பின், இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து சேரும். 'கள்ளக்கடல்' என்ற பெயரில் ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்னும் கடல் தகவல் நிறுவனம் இதற்கு முன்னறிவிப்பு வெளியிடுகிறது. வெளிக்கடலில் அது படகை மெதுவாகத் தூக்கி இறக்குவதோடு சரி. முகத்துவாரத்து மணல் திட்டின் மேல் அதே அலை எழுந்து உடையும்.

ஆனி முதல் புரட்டாசி வரை கச்சான் என்னும் மேற்குக் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கடல் தட்டையாகத் தெரியும். அது ஒரு மயக்கம்தான். பாய் கிழிந்தாலோ எஞ்சின் நின்றாலோ அக்காற்று படகை வங்கக் கடலின் நடுவுக்குக் கொண்டுபோகும். ஆவணி, புரட்டாசி மாலைகளில் மேற்கே கருமேகம் திரண்டால், இடிமழையோடு சூறைக்காற்றும் நிலத்திலிருந்து இறங்கும் என்பதால், பிற்பகல் 2 மணிக்குமேல் கடலில் இருக்கக் கூடாது.

ஐப்பசி தொடங்கித் தை பிறக்கும் வரை போகவே வேண்டாம். இதில் விதிவிலக்குத் தேட வேண்டியதில்லை. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 அன்று. ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கடந்தது 2024 நவம்பர் 30 அன்று. புயலே இல்லாத நாளிலும் வாடையும் கொண்டல் என்னும் கிழக்குக் காற்றும் அலையை நேராக முகத்துவாரத்துக்குள் தள்ளும். பெருக்கெடுத்து வரும் ஆறு அதற்கு எதிராக மரக்கட்டைகளையும் ஆகாயத்தாமரையையும் சுமந்துகொண்டு வெளியேறும்.

துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்களைச் செய்தியில் கேட்டுப் பழகிய நாம் அவற்றின் பொருளையும் தெரிந்துகொள்வது நல்லது. 1, 2 ஆகியவை தொலைவில் உள்ள புயல் சின்னத்தையும், 3, 4 ஆகியவை உள்ளூர்த் துறைமுகத்துக்கான எச்சரிக்கையையும், 5 முதல் 7 வரை அபாயத்தையும், 8 முதல் 10 வரை பேரபாயத்தையும், 11 தகவல் தொடர்பு அற்றுப்போனதையும் குறிக்கின்றன. பெரிய கப்பலுக்கு 1ஆம் எண் ஒரு தகவல் மட்டுமே. சிறு பாய்மரப் படகுக்கு அது பயணத்தை ரத்துசெய்யும் அறிவிப்பு.

படகும் பயிற்சியும்

இங்கே படகைத் தேர்ந்தெடுக்க ஒரே அளவுகோல் போதும்: நீருக்கு அடியில் அது எவ்வளவு இறங்குகிறது என்பது. பெருங்கடல் கடக்கும் யாட்டுகளின் கீல் (படகின் அடியிலிருந்து நீருக்குள் இறங்கி நிற்கும் தகடு) 1.8 முதல் 2 மீட்டர் வரை கீழே நீளும். அத்தகைய படகுக்கு இந்த வாயில்கள் பெரும்பாலான நாட்களில் மூடிய கதவுகளே. கீலை மேலே தூக்கிக்கொள்ளக்கூடிய 20 முதல் 24 அடிப் படகோ, ஒரு மீட்டருக்குள் மிதக்கும் இரட்டை உடல் கொண்ட கட்டமரான் வகையோ பொருத்தமானது. எஞ்சின் கட்டாயம் வேண்டும். காற்றை மட்டும் நம்பி முகத்துவாரத்தைக் கடப்பது வீரம் போலத் தோன்றினாலும், சுவர்களுக்கு நடுவே காற்று திடீரென்று அற்றுப்போகும் என்பதால் அது அறிவுடைமை ஆகாது.

பாய் ஏற்றவும், இறக்கவும், சுருக்கவும், காற்றை எதிர்த்து இடவலமாக ஏறிச்செல்லவும் முறையாகக் கற்ற பிறகே கரையோரப் பயணத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். சென்னையில் 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும், தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் இருக்கின்றன. மாணவர்களுக்கு என்.சி.சி. கடற்படைப் பிரிவு நல்ல வழி. அந்தப் பயிற்சியில் சேர்ந்து இரண்டு விடுமுறைக் காலங்களைச் செலவிட்ட ஒருவர், படகை மட்டும் விலைகொடுத்து வாங்கிவிட்டவரைவிட எவ்வளவோ பாதுகாப்பானவர்.

உடன் கொண்டுபோக வேண்டியவை பற்றி விரிவாக எழுதத் தேவையில்லை. ஆனால் சிலவற்றைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். ஆளுக்கொரு உயிர்காப்பு மிதவை பெட்டியில் கிடக்கக் கூடாது, உடலில் இருக்க வேண்டும். நங்கூரம் இரண்டு வேண்டும். அவற்றில் ஒன்று எப்போதும் கட்டவிழ்த்து, கையெட்டும் இடத்தில், போடத் தயாராக இருக்க வேண்டும். படகுகளும் கரையும் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். வானொலியை 16ஆம் அலைவரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். காலாவதியாகாத அபாய ஒளிச்சுடர்கள், திசைகாட்டி, கடற்படையின் நீர்வரைவு அலுவலகம் வெளியிடும் கடல் வரைபடம், முடிச்சுப் போட்ட கயிற்றில் கட்டிய ஈயக்குண்டு ஆகியவையும் வேண்டும். மின்னணு ஆழமானி இருந்தாலும் ஈயக்குண்டைக் கைவிட வேண்டாம். நம் மீனவர்கள் இன்றும் ஆழத்தைப் பாகத்தில்தான் (விரித்த இரு கைகளின் நீளம்) சொல்கிறார்கள், அந்த அளவு கைக்குப் பழகியிருந்தால் அவர்கள் சொல்வதும் உடனே விளங்கும். குடிநீர் ஒரு நாளுக்கு ஒருவருக்கு 4 லிட்டருக்குக் குறையக் கூடாது. செயற்கைக்கோள் தொலைபேசியையோ அதுபோன்ற தகவல் கருவியையோ இந்தியாவில் உரிய அனுமதியின்றி வைத்திருப்பது சட்ட விரோதம். வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர் ஆர்வத்தோடு கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சொல்லிவிட்டுப் போதல்

2008ஆம் ஆண்டு மும்பைத் தாக்குதலுக்குப் பின் நம் கரை கண்காணிக்கப்படும் கரையாகிவிட்டது. அடையாளம் தெரியாத வெள்ளைப் பாய் ஒன்று தென்பட்டால் மீனவர்களே காவல்துறைக்குத் தகவல் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். புதுச்சேரி ஓர் ஒன்றியப் பகுதி, கடலூர் தமிழ்நாடு என்பதால், 12 கடல் மைல் பயணத்துக்குள் நீங்கள் இரண்டு நிர்வாகங்களின் கீழ் வருகிறீர்கள். புதுச்சேரியில் துறைமுகத் துறை, கடலூரில் தமிழ்நாடு கடல்சார் வாரியம். இரு பக்கத்திலும் கடலோரக் காவல் நிலையங்கள். படகின் பதிவுச் சான்று, காப்பீடு, அனைவரின் அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்களோடு, எத்தனை பேர், எந்த நிறப் படகு, எப்போது புறப்பாடு, எப்போது வருகை என்பதை எழுதி இரு பக்கத்திலும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். 'சாகர் கவச்' பாதுகாப்பு ஒத்திகை நடக்கும் நாட்களில் கடலுக்குள் போகாமல் இருப்பதே எல்லோருக்கும் நல்லது. அவசர உதவிக்குக் கடலோரக் காவல்படையின் எண் 1554. கடலோரக் காவல் நிலையங்களின் எண் 1093.

ஒரு நாளின் கணக்கு

மாசி மாதத்து நாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தேங்காய்த்திட்டிலிருந்து கடலூர் முதுநகருக்குப் போக வேண்டும். கடலூர் வாயிலில் நுழைய உகந்த நேரம் எது? சூரியன் நமக்குப் பின்னால், கிழக்கே, உயரத்தில் இருக்க வேண்டும்; நீர் ஏறிக்கொண்டிருக்க வேண்டும்; கடற்காற்று இன்னும் பலப்படாமல் இருக்க வேண்டும். மூன்றையும் சேர்த்தால் காலை 10 மணிக்கும் நண்பகலுக்கும் இடைப்பட்ட நேரம் கிடைக்கிறது. கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களைத் தரும் ஓத அட்டவணையில் உயர்நீர் ஏறத்தாழ 11 மணிக்கு வரும் நாளைத் தேடுங்கள். இங்கே நாளுக்கு இருமுறை ஏற்றம் உண்டு. ஒவ்வொரு நாளும் அது சுமார் 50 நிமிடம் பின்தள்ளிப் போகும். எனவே தகுந்த நாட்கள் இரு வாரத்துக்கு ஒருமுறை சில நாட்கள் தொடர்ந்து கிடைக்கும்.

இனி பின்னோக்கி வருவோம். தூரம் 12 கடல் மைல். காலைக் கரைக்காற்று பக்கவாட்டில் வீச, படகு 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகத்தில் ஓடுகிறது என்று கொள்வோம். மாசி, பங்குனியில் கரையோர நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடும்; அதற்கு ஒரு நாட் கழித்துவிட்டால் நிலத்தோடு ஒப்பிட்ட வேகம் 3 நாட்தான். ஆகவே 4 மணி நேரம். காலை 6 மணிக்குப் புறப்பட வேண்டும். நீரோட்டத்தைக் கணக்கில் சேர்க்காதவர் 3 மணி நேரம் என்று எண்ணி 7 மணிக்குக் கிளம்புவார். வழியில் கரைக்காற்று ஓய்ந்து, கடற்காற்று எழும்வரை பாய் தொங்கிக் கிடக்க, வாயிலுக்கு வந்துசேரும்போது பிற்பகலாகியிருக்கும். 6 மணிக்குத் தேங்காய்த்திட்டு வாயிலில் நிலைமை எப்படி? உயர்நீர் 11 மணிக்கு என்றால் தாழ்நீர் ஏறத்தாழ 5 மணிக்கு. நீர் ஏறத் தொடங்கியிருக்கும். ஆழம் குறைவானாலும் விடியற்காலையில் கடல் மிக அமைதியாக இருப்பதால் கீலைத் தூக்கிக்கொண்டு எஞ்சினில் வெளியேறலாம்.

மறுநாள் திரும்பும்போது உயர்நீர் 11:50க்கு வரும். பிற்பகல் கடற்காற்று முதுகில் தள்ள, நீரோட்டமும் உதவ, 2 மணி நேரத்தில் புதுச்சேரியை எட்டிவிடலாம் என்பது உண்மைதான். எல்லோரையும் அந்த வேகம் கவர்ந்திழுக்கும். ஆனால் அக்காற்றுக்காகக் காத்திருந்தால் வாயிலுக்கு வரும்போது மணி 2 அல்லது 3 ஆகியிருக்கும், நீர் வடிந்துகொண்டிருக்கும், அலையும் எழுந்திருக்கும். எனவே காலை 8:30க்கே கிளம்பி, மெல்லிய காற்றில் 3 நாட் வேகத்தோடு நீரோட்டத்தின் 1 நாட் வேகத்தையும் சேர்த்து 3 மணி நேரத்தில், அதாவது 11:30க்கு, வாயிலில் நிற்பதே முறை. இந்தக் கரையில் வேகமான பயணத்தை விட்டுக்கொடுத்துச் சரியான நேரத்தை வாங்க வேண்டியிருக்கிறது.

முகத்துவாரத்தைக் கடத்தல்

வெளியேறுவது எளிது. எதிரே வரும் அலையின் முகம் கண்ணுக்குத் தெரியும். பிடிக்கவில்லை என்றால் சுவர்களுக்குள்ளேயே திரும்பிவிடலாம். உள்ளே வருவதில்தான் சிக்கல். கடலிலிருந்து பார்க்கும்போது அலையின் முதுகு மட்டுமே தெரியும். முன்புறம் நுரைத்து உடையும் அலையும், பின்புறத்திலிருந்து பார்த்தால் வழவழப்பான சிறு மேடாகவே தோன்றும். மாலையில் வந்தால் மேற்கே இறங்கும் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்க, நீர் முழுவதும் தகடாக மின்னி, மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடும். மாலை வருகை கூடாது என்பதற்கு இதுவே முதற்காரணம்.

வாயிலுக்கு அரைக் கடல் மைல் வெளியே படகை நிறுத்துங்கள். குறைந்தது 15 நிமிடம் எதுவும் செய்யாமல் பாருங்கள். அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. சில பெரிய அலைகள் தொடர்ந்து வந்த பின் சற்று ஓய்வு இருக்கும். அந்த ஓய்வு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கவனியுங்கள். சுவர்களுக்கு இடையே அலையின் உச்சியிலிருந்து நீர்த்துளி பின்னோக்கிச் சிதறுவது தெரிந்தால், அங்கே அது உடைகிறது என்று பொருள். நீரின் நிறமும் பேசும்: பழுப்பாகக் கலங்கிய பட்டை மணல் திட்டின் மேல் ஓடுகிறது, பச்சையாகத் தெரியும் நீர் ஆழமானது. எல்லாவற்றையும்விட, உள்ளே போகும் மீனவரின் ஃபைபர் படகு ஒன்றைக் கண்ணால் பின்தொடருங்கள். அது எந்தச் சுவரை ஒட்டிப் போகிறது, எங்கே வேகத்தைக் குறைக்கிறது, எங்கே திரும்புகிறது என்பது எந்த வரைபடத்திலும் கிடைக்காத தகவல். அருகில் வந்தால் கேட்டுவிடுங்கள். "அண்ணே, இப்ப உள்ள போலாமா?" என்றால், "வடக்குச் சொவர ஒட்டியே வாங்க, தெக்கால மணல் ஏறிக் கெடக்கு" என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். ஆனால் அவர் படகு அரை மீட்டரில் மிதப்பது. உங்கள் படகின் ஆழத்தையும் சொல்லிக் கேட்பதே முறையான கேள்வி.

நுழைவது என்று முடிவுசெய்தால், அதற்கு முன் எஞ்சினை ஓட்டி அது சீராக இயங்குகிறதா என்று பாருங்கள். அறைக் கதவுகளை மூடுங்கள். நீரில் தொங்கும் கயிறு எதுவும் இருக்கக் கூடாது; நீருக்குள் சுழலும் எஞ்சின் காற்றாடியில் சுற்றினால் அந்த நொடியே எஞ்சின் நிற்கும். ஆட்கள் எல்லோரும் பின்பக்கம் அமரட்டும். அணியத்தில் (படகின் முன்முனையில்) எடை கூடினால் அது அலையில் குத்திக்கொள்ளும். பிறகு பெரிய அலைகளின் கடைசி அலை உங்களைக் கடந்ததும், அதன் முதுகின் பின்னாலேயே, அதே வேகத்தில், நேராக உள்ளே போங்கள். முந்தவும் வேண்டாம், பின்தங்கவும் வேண்டாம். பின்னால் வரும் அலை படகின் பிட்டத்தை (பின்முனையை) தூக்கும்போது சுக்கான் பிடிமானத்தை இழக்கும். அந்த நேரத்தில் படகு சற்றுக் குறுக்கே திரும்பினாலும் அலை அதைப் பக்கவாட்டில் தள்ளிக் கவிழ்த்துவிடும். ஆகவே பிட்டம் எப்போதும் அலைக்கு நேராகவே இருக்க வேண்டும். பாதி வழியில் மனம் மாறித் திரும்புவது எல்லாவற்றையும்விட ஆபத்தானது. திரும்ப வேண்டுமென்றால் முதல் உடைப்புக்கு வெளியே இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும்.

நீர் வடியும் நேரத்தில் ஏன் கூடாது என்பதையும் விளங்கிக்கொள்ளுங்கள். வெளியேறும் நீர் எதிரே வரும் அலையை மறிக்கும்போது அலையின் நீளம் குறைந்து உயரம் கூடும். மெதுவாகத் தூக்கி இறக்கிய அலை, சுவர்போல் நிமிர்ந்து உடையும். ஏறும் நீரில் அதே அலை தாழ்ந்து நீளும். ஒரே நாளில், ஒரே காற்றில், சில மணி நேர இடைவெளியில் ஒரே வாயில் இரு வேறு இடங்களைப்போல நடந்துகொள்வது இதனால்தான்.

இந்தியாவில் துறைமுகத்துக்குள் வரும்போது சிவப்பு மிதவை இடப்பக்கமும் பச்சை வலப்பக்கமும் இருக்க வேண்டும். ஆனால் சிறு துறைமுகங்களில் மிதவை இடம்பெயர்ந்தோ இல்லாமலோ போகலாம். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

வலைகளுக்கு நடுவே

கரையிலிருந்து 2 முதல் 5 கடல் மைலுக்குள் செவுள் வலைகள் நிறைந்திருக்கும். தெர்மாகோல் துண்டு, காலி பிளாஸ்டிக் கேன், மூங்கிலில் கட்டிய கறுப்புத் துணி ஆகியவைதான் அடையாளம். மிதக்கும் வலையின் ஒரு முனையில் பெரும்பாலும் படகே கட்டப்பட்டிருக்கும். எனவே தனியாக நிற்கும் படகைக் கண்டால், அதிலிருந்து எந்தப் பக்கமாக மிதவை வரிசை போகிறது என்று பார்த்து, வலை இல்லாத பக்கமாகச் சுற்றிப் போங்கள். வலைக்காரர் கையை வீசிக் காட்டினால், அந்தத் திசையில் உடனே விலகுவதே மரியாதை. பாய்மரப் படகுக்கு எஞ்சின் படகு வழிவிட வேண்டும் என்று பாடத்தில் படித்தவர்கள், மீன்பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்குப் பாய்மரப் படகு வழிவிட வேண்டும் என்ற அடுத்த வரியையும் படிக்க வேண்டும். வலை என்பது ஒருவரின் ஒரு மாத வருமானமாக இருக்கக்கூடும். வலையும் விளக்கில்லாப் படகுகளும் இருக்கும் இந்தக் கடலில், முதல் ஆண்டில் இரவுப் பயணத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

கடலூருக்குத் தெற்கே, சிப்காட் தொழிற்பேட்டைக்கு நேரான கடலில் கடலடிக் குழாய்கள் உள்ளதால், அங்கே எந்தக் காரணத்துக்காகவும் நங்கூரம் போடக் கூடாது.

நங்கூரம்

ஆற்றுக்குள் வந்ததும் முதலில் கிடைக்கும் இடத்தில் நங்கூரம் போட்டுவிடாதீர்கள். விசைப்படகுகள் போய்வரும் தடம் எது என்று பார்த்து, அதற்கு வெளியே நில்லுங்கள். துறைமுகத்தில் விசைப்படகுகள் ஒன்றோடொன்று பக்கம் பக்கமாகக் கட்டப்பட்டிருக்கும். உங்களையும் அதன் ஓரத்தில் கட்டச் சொன்னால், நள்ளிரவுக்குமேல் அவை கடலுக்குப் புறப்படும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு கட்டுங்கள். நங்கூரக் கயிறு நீரின் ஆழத்தைப்போல் குறைந்தது 5 மடங்கு இருக்க வேண்டும். சங்கிலி இல்லாமல் வெறும் கயிறு என்றால் 7 மடங்கு. நீரோட்டம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறும்போது படகும் நங்கூரத்தைச் சுற்றி மறுபக்கம் போகும். அந்த வட்டம் முழுவதும் ஆழமும் இடமும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கரையில் ஒரு தென்னையையும் அதன் பின்னால் ஒரு வீட்டுக் கூரையையும் நேர்கோட்டில் குறித்துவைத்தால், நங்கூரம் இழுபடுகிறதா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

வெள்ளாறும் பிச்சாவரமும்

வெள்ளாற்று முகத்துவாரத்துக்குப் பரங்கிப்பேட்டை மீனவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளாமல் முதன்முறை நுழைய வேண்டாம். பழைய காலத்து மாலுமிகள் சிதம்பரம் கோபுரங்களைக் குறியாக வைத்தே இவ்விடத்தைக் கண்டறிந்தனர். அடையாளத்துக்குக் கோபுரம் போதும். ஆழத்துக்கு ஆள்தான் வேண்டும். உள்ளே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையம் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. ஆறு அகலமாகவும் அமைதியாகவும் ஓடுகிறது.

பிச்சாவரம் 2022இல் ராம்சர் என்னும் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட காப்புக்காடு. வனத்துறையின் அனுமதியின்றிச் சொந்தப் படகில் அதன் கால்வாய்களுக்குள் போகக் கூடாது. போனாலும் பாய்மரத்தால் பயனில்லை, கிளைகள் தலைக்குமேல் கூரையாகக் கவிந்திருக்கும். படகை வெள்ளாற்றில் நிறுத்திவிட்டு, சாலை வழியே படகுக் குழாமுக்குப் போய், அங்குள்ள துடுப்புப் படகில் ஏறுங்கள். மரங்களுக்கு நடுவே நுழைந்ததும் காற்று நின்றுவிடும். வெளியே மணல் மேட்டுக்கு அப்பால் கடல் இரைவது மட்டும் கேட்கும். சுரபுன்னையின் விழுதுவேர்கள் நீரில் வளைந்து இறங்கும் இடத்தில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சாம்பல் நிறத்தில் சிப்பிகள் வரிசையாக ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். ஏற்றத்தின்போது நீர் எதுவரை வரும் என்பதை அந்தச் சிப்பி வரி காட்டிக்கொடுக்கிறது. அவற்றின் விளிம்பு பிளேடு போன்றது. காற்றடைத்த ரப்பர் படகில் இந்தப் பக்கம் வந்தவர் அதை மறக்கமாட்டார். கொசு அந்தி சாய்ந்ததும் வரும். அதற்கு முன்னால் வெளியே வந்துவிடுங்கள்.

உள்ளே வர முடியாத நாள்

எவ்வளவு கணக்கிட்டாலும், வாயிலுக்கு வந்து நிற்கும்போது அலை உடைந்துகொண்டிருக்கும் நாள் ஒன்று வரும். அந்த நாளுக்கான முடிவைக் கரையிலேயே எடுத்துவைத்திருக்க வேண்டும். அடுத்த ஏற்றம்வரை வெளியே காத்திருப்பதே முதல் வழி. கரையிலிருந்து 4, 5 கடல் மைல் விலகி, பாயைச் சுருக்கி, முன்பாயைக் காற்று வரும் பக்கமாக இழுத்துக் கட்டி, சுக்கானின் கைப்பிடியை மறுபக்கம் பூட்டினால், படகு ஏறத்தாழ நின்ற இடத்திலேயே மெதுவாக மிதக்கும். இதை நல்ல வானிலையில் பலமுறை செய்து பழகியிருக்க வேண்டும். கூடுதலாக ஒரு நாளுக்கான உணவும் நீரும் எரிபொருளும் எப்போதும் இருக்க வேண்டும் என்பது இதற்காகவே. இரவு வந்துவிட்டால் வழிவிளக்குகளை ஏற்றி, ஒருவர் மாறி ஒருவர் விழித்திருங்கள். வானொலியில் கடலோரக் காவல்படைக்கு உங்கள் நிலையையும் நலமாக இருப்பதையும் தெரிவியுங்கள். வீட்டில் காத்திருப்பவர்களின் கவலைக்காகவோ, மறுநாள் அலுவலகத்துக்காகவோ உடையும் வாயிலுக்குள் நுழைய வேண்டாம்.

உள்ளே வந்து கயிறு கட்டியதும், புறப்படும்போது தகவல் கொடுத்த எல்லா இடங்களுக்கும் வந்துசேர்ந்ததைத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், நீங்கள் வீட்டில் உறங்கும்போது உங்களைத் தேடி ஒரு கப்பல் கடலில் சுற்றிக்கொண்டிருக்கும். பிறகு, வாயிலின் ஆழம், நேரம், நீர்நிலை, எந்தச் சுவரை ஒட்டி வந்தீர்கள் என்பதை அன்றே நோட்டில் எழுதிவையுங்கள்; அடுத்த மழைக்காலம் முடியும்வரை அந்தக் குறிப்பு உதவும், அதன் பின் புதிதாக எழுத வேண்டும்.